ஊதா சாட்சி

வரிசையாக வைத்திருந்த கண்ணாடித் தட்டுகளில் ஒன்று மட்டும் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியிருந்தது.

மற்றவை நேற்று வைத்தபடியே வெளுத்துக் கிடந்தன.

"ஒருத்தன் வாயைத் திறந்துட்டான்," என்றாள் டாக்டரம்மா.

அந்த நுண்ணுயிர் ஆய்வகம் அவள் பொறுப்பில் இருந்தது. துருவிக்குப் பள்ளித் தோழி. அந்த உரிமையில்தான், யாரும் கேட்காத ஒரு சோதனையை நேற்றிலிருந்து செய்துகொண்டிருந்தாள்.

துருவி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைத் துருவித் துருவிப் பிடித்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. வேலையை விட்டுவிட்டு, ஒரு மாடி அறையில் துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும் பெயர் அவளை விடவில்லை.

"எனக்கு ஒன்னுமே புரியல," என்றான் அவள் உதவியாளன். "கத்தரிக்காய் வியாபாரமா நடக்குது இங்க?"

நிறுத்தத் தெரியாமல் பேசுகிறவன் என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். ஆனால் சில நாட்களாக அந்த ரேடியோவில் அலைவரிசை சரியில்லை. ஜோக் அடிப்பான், அடித்துவிட்டு அவனே சிரிக்க மறந்துவிடுவான்.

காரணம் இருந்தது. மாதம் நிறையாமல் பிறந்த அவன் அக்கா மகள், உள்ளங்கை நீளக் கால்களோடு, பெரிய மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். அதே வார்டில்தான் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காய்ச்சலில் விழுந்தன. எல்லோர் ரத்தத்திலும் ஒரே பாக்டீரியா. ஒரு குழந்தை பிழைக்கவில்லை.

காய்ச்சல் கண்ட குழந்தைகள் எல்லாமே ஒரே நர்ஸ் கவனித்துக்கொண்டவை. அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அன்றோடு காய்ச்சலும் நின்றது. போலீசுக்கு வேறு என்ன வேண்டும்? வேண்டுமென்றே கிருமியைக் கொடுத்தாள் என்று வழக்கு எழுதத் தயாராகிவிட்டார்கள்.

"இந்தத் தட்டுல வளர்றது ஒரு ஊமை பாக்டீரியா," என்றாள் டாக்டரம்மா. "ஊமைதான், ஆனா செவிடு இல்ல."

"எங்க பெரியப்பா இதுக்கு நேர் எதிர்."

"ரேடியோ, வால்யூமைக் குறை," என்றாள் துருவி. "நீ சொல்லுடி."

"பாக்டீரியா ஒன்னோட ஒன்னு பேசிக்கும். வாயால இல்ல, ரசாயனத்தால. ஒவ்வொன்னும் துளித்துளியா எதையோ கசிய விடும். சுத்தி அந்தக் கசிவு கூடக்கூட, 'நம்ம ஆளுங்க நிறைய சேர்ந்துட்டாங்க'ன்னு அதுங்களுக்குத் தெரியும். அதுவரைக்கும் பூனை மாதிரி இருக்கும். கூட்டம் சேர்ந்ததும் எல்லாம் ஒரே நேரத்துல பாயும்."

"எங்க தெரு நாய்ங்க மாதிரி. ஒத்தையா வந்தா வாலாட்டும். நாலு சேர்ந்தா நம்ம பேன்ட்டு நமக்கில்ல."

"அதேதான். இந்த ஊமைக்குத் தானாப் பேசற சக்தியை எடுத்துட்டோம். கேக்கற காது மட்டும் இருக்கு. பக்கத்துல வேற பாக்டீரியா பேசினா, கேட்டுட்டு ஊதாவா மாறிடும்."

"போலீஸ் கைல இருக்கற துப்புக்காரன்," என்றாள் துருவி.

"லஞ்சம் வாங்காத துப்புக்காரன்." டாக்டரம்மாவின் முகம் மாறியது. "இன்னொன்னும் இருக்கு. நம்ம உடம்பு வேதனைப்பட்டா ரத்தத்துல ஒரு சுரப்பு ஏறும். அதையும் மோப்பம் பிடிக்கற வகை இருக்கு. வீட்டுக்காரன் தளர்ந்துட்டான்னு தெரிஞ்சா திருடனுக்குத் துணிச்சல் வர்ற மாதிரி. ஊசி குத்திக் குத்திச் சோர்ந்த குழந்தைன்னா, கேக்கவே வேணாம்."

ரேடியோ கையைப் பிசைந்தான். "தட்டு யாரோடது? அதைச் சொல்லுங்க முதல்ல."

வார்டின் குழாய்த் தண்ணீர், பால், சோப்பு, பிராணவாயுக் குழாயின் ஈரம் ஆகியவற்றை மருத்துவமனையே சிறு குப்பிகளில் அனுப்பியிருந்தது. நர்ஸின் லாக்கரில் போலீஸ் எடுத்த ஒரு பொருளின் துணுக்கை, துருவி இன்ஸ்பெக்டரிடம் மன்றாடி வாங்கி வந்திருந்தாள்.

டாக்டரம்மா தட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் படித்தாள்.

"நர்ஸோட துண்டு."

ரேடியோ மேஜையில் ஓங்கிக் குத்தினான். தட்டுகள் குலுங்கின.

"பாத்தீங்களா? பாத்தீங்களா மேடம்? நான் அப்பவே சொன்னேன். அந்தப் பொம்பளைதான். அவ மாமியார் வந்து உங்க கால்ல விழுந்ததும் இரக்கப்பட்டு கேஸை எடுத்தீங்க. பச்சப் புள்ளைங்கள..."

அந்தத் துண்டைத் துருவி போலீஸ் நிலையத்தில் பார்த்திருந்தாள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்திருந்தது. துவைத்துத் துவைத்து நூல் தெரியும் அளவுக்கு நைந்துபோன, மாசுமறுவற்ற வெள்ளைத் துண்டு.

"ரேடியோ, அன்னிக்கு வார்டு நர்ஸுங்க எல்லாரோட லாக்கரையும் திறந்தாங்களே, மத்தவங்க துண்டு எங்க?"

"மத்தவங்க துண்டா? சீப்பு இருந்துச்சு, பவுடர் இருந்துச்சு. துண்டு யார்கிட்டயும் இல்ல."

"ஏன் இல்ல?"

"மேடம், துண்டு வச்சிருந்தவளைப் பத்திப் பேசுவீங்களா, வச்சிருக்காதவங்களைப் பத்திப் பேசுவீங்களா?"

"ரெண்டும் ஒரே கேள்விதான். வண்டியை எடு. ஸ்டேஷனுக்குப் போறோம்."

பாதி வழியில் ரேடியோவின் போன் அடித்தது. அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"டேய் தம்பி!" அக்காவின் குரலில் சிரிப்பும் அழுகையும் கலந்திருந்தன. "குழந்தையைத் தொட விட்டுட்டாங்கடா! இத்தனை நாள் கண்ணாடி வழியா மட்டும்தான பாத்தோம், நேத்து மத்தியானமே எல்லா அம்மாங்களையும் விட்டாங்க. நீ நேர்ல வந்து பாத்து அசந்து போகணும்னு சொல்லாம இருந்தேன். நெஞ்சோட ஒட்டி வச்சுக்கிட்டேன்டா."

"நிஜமாவா? யாரு விட்டா?"

"பெரிய டாக்டர்தான். ஊசிக்குழாயைக் கூட கழட்டியாச்சு. இனி பால்லயே தேறிடுவாளாம். கையை மட்டும் முழங்கை வரைக்கும் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவிட்டு வரணும்னு உத்தரவு. என் ராசாத்தி எவ்ளோ சமத்துங்கற! காலைலேர்ந்து அசையாம தூங்கறா. பாலுக்குக் கூட எந்திரிக்கல. சரி, நான் உள்ள போறேன், போனை வெளிய வச்சிட்டுத்தான் போகணும்."

ரேடியோ கண்ணைத் துடைத்துக்கொண்டே சிக்னலைத் தாண்டினான். பின்னாலிருந்து நாலைந்து ஹார்ன்கள் அவனைத் திட்டின.

"தாய்மாமனைப் பாக்க வழிமேல கண்ணு வச்சுக் காத்துக்கிட்டிருப்பா மேடம்," என்றான். வெகுநாள் கழித்து ஒரு முழுச் சிரிப்பு.

துருவி சிரிக்கவில்லை. 'பாலுக்குக் கூட எந்திரிக்கல' என்ற வார்த்தைகள் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

போலீஸ் நிலையத்தின் பெஞ்சில் நர்ஸ் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மாமியார், காவலுக்கு நிற்கிறவள் போல.

"வாங்கம்மா," என்றாள் மாமியார். "இன்ஸ்பெக்டர் கிட்ட நீங்களாவது சொல்லுங்க. எனக்கு இவ கூட ஆயிரம் சண்டை உண்டு. உப்பு போடத் தெரியாது, ஊர்ப்பட்ட பிடிவாதம். ஆனா ஒரு எறும்பைக் கூட நசுக்க மாட்டா. சுத்தம் பாத்தே எங்க உயிரை வாங்கறவ. டம்ளரைத் தொடறதுக்கு முன்னாடி கை கழுவணும், தொட்ட பின்னாடி கழுவணும். எங்க வீட்டு சோப்பெல்லாம் வாங்கி வச்ச அன்னிக்கே கரைஞ்சு போகும்."

"அத்தை, போதும்," என்றாள் நர்ஸ் மெல்ல.

துருவி அவள் எதிரே குந்தினாள். "கையைக் காட்டு."

நர்ஸ் தயங்கித் தயங்கி விரித்தாள். வறண்ட குளத்து மண் போல உள்ளங்கை முழுக்க வெடிப்பு. விரல் கணுக்களில் ரத்தம் உலர்ந்த கோடுகள்.

ரேடியோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இந்தக் கையாலதான..."

"வாயை மூடு." துருவி அவனைப் பார்க்காமலே சொன்னாள். பிறகு நர்ஸிடம், "மத்த நர்ஸுங்க ஏன் துண்டு வச்சுக்கறதில்ல?"

கேள்வி எதிர்பாராதது. நர்ஸ் நிமிர்ந்தாள். "அவங்களுக்கு எதுக்கு மேடம்? பெட்டிக்குப் பெட்டி சானிடைசர் தொங்குது. ரெண்டு சொட்டு தேய்ச்சா உலர்ந்துடும். துடைக்க ஒன்னும் வேணாம்."

"நீ?"

"எனக்கு அது ஒத்துக்காது. வெடிப்புல பட்டா தீயா எரியும். அதனால நான் எப்பவும் பேசின்ல சோப்பு போட்டுத்தான் கழுவுவேன். ஒவ்வொரு குழந்தைக்கும் முன்னாடி. சிரிப்பாங்க எல்லாரும், 'இவ கை தேய்ஞ்சே போயிடும்'னு."

"ஆக, அந்த வார்டுல சோப்பைத் தொடறவ நீ ஒருத்திதான்."

"ஆமா... அப்படித்தான்னு நினைக்கிறேன்."

"அந்த சோப்புல தப்பில்லன்னு நம்ம ஊமையே சொல்லிட்டானே மேடம்," என்றான் ரேடியோ. "மருத்துவமனை அனுப்பின சோப்பு வெளுத்துத்தான இருந்துச்சு?"

"இரு." துருவியின் குரல் தாழ்ந்தது. "பேசின் மேல இருக்கற சோப்பு பாட்டில் காலியானா யார் மாத்துவாங்க?"

"அது காலியாகவே காலியாகாது மேடம்."

"அதெப்படி?"

"பாதி இறங்கும்போதே ஸ்டோர்ல இருக்கற பெரிய கேன்லேர்ந்து ஊத்தி நிரப்பிடுவோம். திடீர்னு யாராவது சோதனைக்கு வந்து காலி பாட்டிலைப் பாத்தா வார்டுக்கே கெட்ட பேரு. பெரிய டாக்டர் உத்தரவு. நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து அதே பாட்டில்தான்."

"அந்தப் பாட்டிலைக் கடைசியா எப்பக் கழுவினீங்க?"

நர்ஸ் விழித்தாள்.

"சோப்பு பாட்டிலை யாராவது கழுவுவாங்களா மேடம்?"

மாமியார் நெஞ்சில் கை வைத்தாள்.

துருவி எழுந்தாள். "அடி வண்டல் போகவே இல்ல. புது சோப்பு ஊத்த ஊத்த, அடியில தப்பிப் பிழைச்சதுங்க பழகிப் பழகி, குழாய்ல ஒட்டிக்கிட்டு, கூட்டம் சேர்ந்து குடும்பம் நடத்தியிருக்கு. வார்டுலயே சுத்தமான கை எதுவோ அது மட்டும்தான் தினமும் அங்க போயிருக்கு. அந்தக் கைல வெடிப்பு. ஒளிஞ்சிக்க இடம் வேற. அவளை நிறுத்தினதும் சோப்பைத் தொட ஆளில்ல. காய்ச்சலும் நின்னுச்சு."

"அப்ப ஊமை ஏன் சோப்பைக் காட்டிக் கொடுக்கல?" என்றான் மேஜைக்குப் பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர்.

"அவன் கிட்ட நாம பாட்டிலைக் காட்டல சார். மருத்துவமனை அனுப்பினது ஸ்டோர் கேன்லேர்ந்து எடுத்த சோப்பா இருக்கணும். ரெண்டும் ஒன்னுதானேன்னு நினைச்சிருப்பாங்க."

"அப்ப... நான்தானா?" என்றாள் நர்ஸ்.

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது.

"நான்தான் கொண்டு போய்க் கொடுத்திருக்கேன். கழுவிக் கழுவிக் கொடுத்திருக்கேன். அந்தக் குழந்தைக்கு... கடைசி வரைக்கும் நான் கையை எடுக்கவே இல்லியே மேடம்."

மாமியார் அவள் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். "பைத்தியம், பேசாம இரு."

அப்போதுதான் சுவரோரமிருந்து ஒரு குரல். ரேடியோ.

"மேடம்." உதடு வெளுத்திருந்தது. "எங்க அக்கா. முழங்கை வரைக்கும். தேய்ச்சுத் தேய்ச்சு."

துருவிக்கு இப்போது புரிந்தது. அந்த வார்த்தைகள் காரில் ஏன் பிடிக்காமல் போயின என்று; பால் கேட்காத அந்தத் தூக்கம் தூக்கமே இல்லை.

"சார், பாட்டிலை அடையாளம் காட்ட இவளையும் ஜீப்ல ஏத்திக்கிட்டு எங்க பின்னாடி வாங்க. பதில் பேச நேரமில்ல."

அக்காவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வார்டு வாசல் அலமாரியில், மற்ற தாய்மார்களின் போன்களுக்கு நடுவில்.

ரேடியோ ஓட்டிய ஓட்டத்தில் பக்கக் கண்ணாடி ஒன்று ஒரு லாரியில் உரசி, காரோடு உறவை முறித்துக்கொண்டது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எடு, எடு, எடு" என்பதைத் தவிர அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

வார்டுக் கதவை அவன் தோளால் இடித்துத் திறந்தபோது, பேசின் முன்னால் இரண்டு தாய்மார்கள் நுரை பொங்கக் கை தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தொடாதீங்க!"

ஒருத்தி அலறினாள். கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவில் நாற்காலியில், மார்பில் குழந்தையோடு அவன் அக்கா திரும்பினாள்.

"என்னடா தம்பி? கத்தாதே, தூங்கறா பாரு."

"அக்கா, அவளை எழுப்பு."

"ஏன்டா?"

"எழுப்புக்கா!"

அவள் குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள். பாதத்தைச் சுரண்டினாள். குழந்தை கண் திறக்கவில்லை. கை துணி போலத் தொங்கியது. அக்காவின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது.

சத்தம் கேட்டு பெரிய டாக்டர் வந்தார். துருவி சொல்வதை நின்றபடியே கேட்டார். நம்பவில்லை.

"சோப்பைப் பரிசோதிச்சாச்சு. சுத்தம்னு ரிப்போர்ட் இருக்கு."

"எந்த சோப்பு டாக்டர்? ஸ்டோர்ல இருக்கற கேனா, இந்தப் பாட்டிலா?"

"கேன்தான். ரெண்டும் ஒரே சோப்புதானே..." அவர் பாதியில் நிறுத்தினார்.

துருவி கைக்குட்டையால் பிடித்துப் பாட்டிலின் மூடியைத் திருகி, அழுத்து குழாயை வெளியே இழுத்தாள். குழாயின் அடியிலிருந்து வழவழப்பான பழுப்புச் சவ்வு ஒன்று நூலாக நீண்டு, அறுந்து விழுந்தது.

பெரிய டாக்டர் அதையே பார்த்தார். ஒருமுறை தன் கைகளையும் பார்த்துக்கொண்டார்.

"குழந்தைக்குக் காய்ச்சல் இல்ல இன்னும்," என்றார், தனக்குத்தானே போல. "பொதுவா ரத்தப் பரிசோதனை முடிவு வர்ற வரைக்கும் காத்திருப்போம்."

"அதுங்களும் அதுக்குத்தான் காத்திருக்குங்க டாக்டர். இன்னும் கூட்டம் சேரட்டும்னு."

அவர் அதற்கு மேல் யோசிக்கவில்லை. மனிதருக்கு அந்த நேர்மை இருந்தது. "முந்தின குழந்தைகளுக்குக் கேட்ட மருந்து எதுன்னு தெரியும். உடனே ஏத்துங்க. அந்தப் பாட்டிலைத் தூக்கிப் பத்திரப்படுத்துங்க. சோப்பு போட்ட எல்லாரும் வெளிய!"

ஆனால் மருந்து ஏற வழி வேண்டுமே! ஊசிக்குழாயை நேற்றுத்தான் கழற்றியிருந்தார்கள். ஒரு நர்ஸ் குழந்தையின் கையில் முயன்றாள். நரம்பு நழுவியது. இன்னொருத்தி காலில் முயன்றாள். பெரிய டாக்டரே குனிந்தார். தலைமுடியை விட மெல்லிய நரம்பு, ஊசி பட்டதும் சுருங்கி மறைந்தது.

ஒவ்வொரு குத்துக்கும் ரேடியோ தன் கையைத் தானே கடித்துக்கொண்டான். குழந்தையிடமிருந்து அழுகையே வரவில்லை. வேதனையை மோப்பம் பிடிக்குமாம். ஆய்வகத்தில் கேட்டது காதில் சுற்றிச் சுற்றி வந்தது.

பெரிய டாக்டர் நிமிர்ந்தார். நெற்றி நனைந்திருந்தது.

"இந்த அளவு நரம்பு கிடைக்கற விரல் இந்த வார்டுல ஒன்னுதான் இருந்துச்சு," என்றார்.

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் பின்னால் நர்ஸ் நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

"வாம்மா," என்றார் பெரிய டாக்டர்.

அவள் தலையை ஆட்டினாள். "மாட்டேன் சார். இந்தக் கை வேணாம். வேற யாரையாவது கூப்பிடுங்க."

"வேற யாரும் இல்ல."

"நான் தொட்டதெல்லாம்..." அவள் ஒரு அடி பின்வாங்கினாள். "என்னை ஸ்டேஷனுக்கே கூட்டிட்டுப் போங்க சார். கெஞ்சிக் கேக்கறேன்."

துருவி பேச வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள். பேச வேண்டியது அவள் இல்லை.

ரேடியோ நடந்து போனான். இத்தனை நாளாக எந்தப் பெண்ணைக் கொலைகாரி என்று தெருவெல்லாம் முழங்கினானோ, அவள் எதிரே நின்றான். பக்கத்துப் பெட்டியில் தொங்கிய சானிடைசர் பாட்டிலை எடுத்துப் பார்த்தான். பிறகு அதை வைத்துவிட்டு, மருந்து அலமாரியிலிருந்து முத்திரை உடைக்காத புது பாட்டில் ஒன்றை எடுத்து, அவள் கண் முன்னாலேயே மூடியைத் திருகினான். முத்திரை 'டிக்'கென்று உடைந்தது.

"கையை நீட்டுங்கக்கா," என்றான்.

அவள் அசையவில்லை.

"உங்களைத் திட்டினவன் நான்தான். கண்ட இடத்துல எல்லாம் திட்டினேன். அதுக்கு அப்புறமா என்னை என்ன வேணா பண்ணுங்க. இப்ப கையை மட்டும் நீட்டுங்க. எங்க ராசாத்தி பால் கேக்க மாட்டேங்கறா."

வாசலுக்கு வெளியே அவன் அக்கா, சோப்பு போட்ட கைகளைத் தன் உடம்பில் எங்கும் படாமல் தூக்கிப் பிடித்தபடி, சுவரோடு நின்றாள். அழக்கூட அவள் கையை முகத்துக்குக் கொண்டு போகவில்லை. நர்ஸ் அந்தக் கைகளைப் பார்த்தாள்.

மெல்லத் தன் கைகளை முன்னால் கொண்டு வந்தாள்.

ரேடியோ ஊற்றினான். வெடிப்புக்கு வெடிப்பு திரவம் இறங்கியது. எரிச்சலில் அவள் தோள்கள் துடித்தன. பல்லைக் கடித்துக்கொண்டு, விரல் இடுக்கு, நகக் கண், மணிக்கட்டு என்று தேய்த்தாள்.

"இன்னும் ஊத்துங்க," என்றாள்.

ஊற்றினான். மறுபடி தேய்த்தாள். கை தானாக உலரும் வரை அசையாமல் நின்றாள். புதுக் கையுறையைப் பிரித்து மாட்டிக்கொண்டு, குழந்தையின் பக்கத்தில் குனிந்தாள்.

அவசரப்படவில்லை. குத்திக் குத்திச் சிவந்திருந்த கையை விட்டுவிட்டு, காதுக்கு மேலே நெற்றியோரத்தில் ஒரு விரலை வைத்து, கண்ணை மூடிக் காத்திருந்தாள். விரல் அரை மயிரிழை நகர்ந்தது. நின்றது.

ஊசி உள்ளே போனது.

மெல்லிய குழாயில் ஒரு பொட்டுச் சிவப்பு எட்டிப் பார்த்தது.

குழந்தையின் உதடு கோணியது. பூனைக்குட்டி போல ஒரு சிணுங்கல், அவ்வளவுதான்.

நர்ஸ் விரலை எடுக்கவில்லை. நிமிரவும் இல்லை.

"மருந்தை விடுங்க சார்," என்றாள். "நான் பிடிச்சிருக்கேன்."